பத்ரிக்குத் தைத்த துணிகள்

நம்மவர்கள் யாத்திரை புறப்படும் அழகைக் காண வேண்டுமானால் ஒரு நாள் இரவு ஒன்பது மணிக்குச் சென்னை சென்ட்ரல் ஸ்டேஷனில் போய் நிற்க வேண்டும். டில்லி செல்லும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் அதற்கு ஒரு மணி நேரம் கழித்துத்தான் கிளம்பும். ஆனால் ஆக்ரா, மதுரா, ஹரித்வார் என்று போகிற கோஷ்டிகள் எட்டு மணிக்கே வந்து பிளாட்பாரத்தை ஆக்கிரமித்துக்கொண்டிருக்கும். நாலு பேர் உள்ள குடும்பத்துக்குப் பதினோரு உருப்படி. பாட்டி விரலை நீட்டி எண்ணிக்கொண்டே இருப்பாள். "பத்துதானே இருக்கு? பதினொண்ணு எங்கேடா?" என்று அலறுவாள். பதினொன்றாவது உருப்படியின் மேல்தான் அவள் உட்கார்ந்திருப்பாள்.

அந்தப் பதினோரு உருப்படியிலும் என்ன இருக்கிறது? புளிக்காய்ச்சலையும் முறுக்கையும் கழித்துவிட்டால் மீதி முக்கால்வாசி துணிதான். பதினைந்து நாள் பிரயாணத்துக்குப் பதினைந்து புடவை, அவற்றுக்குத் தோதாகப் பதினைந்து ரவிக்கை. அவசரத்துக்கு இருக்கட்டும் என்று மேலும் இரண்டு. இவ்வளவும் எடுத்துக்கொண்டு போய், மலைமேல் குளிர் அடிக்கும் இடத்தில் இறங்கியதும், "அடடா, போர்த்திக்கொள்ள ஒன்றுமே இல்லையே!" என்பார்கள். சக்கரம் வைத்த பெட்டி வந்த பிறகு இந்தத் தொல்லை தீர்ந்தது என்று சிலர் நினைக்கிறார்கள். சக்கரம் சமதரையில்தான் உருளும். ஸ்டேஷன் மேம்பாலத்தின் படிகளில் அந்தப் பெட்டியையும் தலையில்தான் தூக்க வேண்டும்.

என் தாயார் தமது அறுபத்தெட்டாவது வயதில் பத்ரிநாத் போக வேண்டும் என்று சொன்னார். சொன்னது ஜனவரி மாதம். மே மாதக் கடைசியில் போவதென்று முடிவாயிற்று. அதற்கு முன் அவர் இரண்டு நிபந்தனைகள் போட்டார். "புடவையைத் தவிர வேறே எதையும் என்னை உடுத்திக்கச் சொல்லாதே" என்பது முதலாவது. இரண்டாவதைக் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "ஆயுசு முழுக்க மத்தவா மூட்டையைத் தூக்கியாச்சு. இந்தத் தடவை என் பையை நானே தூக்கிப்பேன். யார் கையிலேயும் குடுக்க மாட்டேன். ஆனா கனமா இருக்கக் கூடாது."

நிபந்தனை நியாயமானதுதான். ஆனால் அதை நிறைவேற்றுவது எப்படி? நீங்களே யோசித்துப் பாருங்கள். மே மாதத்தில் ரயில் நாகபுரியைத் தாண்டும்போது வெயில் 44, 45 டிகிரியைத் தொடும். அங்கிருந்து மூன்று நாள் கழித்துப் போய்ச் சேரும் பத்ரிநாத், கடல் மட்டத்துக்குப் பத்தாயிரம் அடிக்கு மேல், சுமார் 3,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே அதே மே மாத இரவில் தண்ணீர் உறையலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும். இந்த இரண்டு சீதோஷ்ணத்துக்கும் ஒரே பை. அதையும் அறுபத்தெட்டு வயதுப் பெண்மணி தோளில் மாட்டிக்கொண்டு நடக்க வேண்டும்.

கடை கடையாக ஏறி இறங்கினேன். குளிருக்கு என்று விற்கிற சட்டைகள் எல்லாம் கால்சட்டை போடுகிறவர்களை மனத்தில் வைத்துத் தைத்தவை. புடவையின் மேல் போட்டால் மடிப்பெல்லாம் இடுப்பில் சுருண்டு நிற்கிறது. தலைப்பை எங்கே விடுவது என்று தெரியவில்லை. போட்டுப் பார்த்த அம்மா கண்ணாடியில் ஒரு நிமிஷம் பார்த்தார். "தபால்காரர் மாதிரி இருக்கு" என்று கழற்றிக் கொடுத்துவிட்டார். வீட்டுக்கு வந்து தையல் மெஷினின் மூடியைத் திறந்தேன்.

யந்திரங்களைப் பற்றிக் கடுமையாக எழுதிய காந்தியடிகள்கூட 1924-ல் தையல் மெஷினுக்கு மட்டும் விதிவிலக்குக் கொடுத்தார். நமது மொழியோ இன்னும் ஒரு படி மேலே போய், பெண்ணுக்கே 'தையல்' என்று ஒரு பெயர் வைத்திருக்கிறது. எங்கள் வீட்டு மெஷின் காலால் மிதிப்பது. தலையணை உறையும் ஜன்னல் திரையும் தைத்தே அதன் காலம் போய்க்கொண்டிருந்தது.

முதலில் ஒரு உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். பிரயாணத்துக்குப் புடவையை மிஞ்சிய உடை கிடையாது. அது உடுத்தினால் உடை, விரித்தால் படுக்கை, மடித்தால் தலையணை. ரயிலில் இரண்டு கம்பிகளுக்கு நடுவே கட்டினால் குழந்தைக்குத் தூளி. எந்த உடம்புக்கும் சரியாக இருக்கும். இளைத்தாலும் பருத்தாலும் மாற்றித் தைக்க வேண்டியதில்லை. அதில் குறை இரண்டே இரண்டு. ஒன்று, பாக்கெட் கிடையாது. பணத்தை முந்தானையில் முடிந்துகொண்ட காலம் ஒன்று, இடுப்பில் சுருக்குப் பை செருகிக்கொண்ட காலம் ஒன்று, இப்போது கைப்பை. கைப்பை என்றால் ஒரு கை போயிற்று. இரண்டாவது குறை, குளிர் தாங்காது. ஆகவே புடவையை அப்படியே விட்டுவிட்டு, அதற்குள்ளே ஒன்றும் மேலே ஒன்றும் தைத்தால் போதும் என்பது என் யோசனை. அம்மாவின் முதல் நிபந்தனையும் அதோடு நிறைவேறும்.

உள்ளே போவது உள்பாவாடை. சாதாரண பாப்ளின்தான். ஆனால் மூன்று மாறுதல்கள் செய்தேன். நாடாவை வழக்கத்தைவிட ஒரு முழம் நீளமாக வைத்தேன். ஏன் என்றால், ஆற்றில் குளிக்கும்போது நம் ஊர்ப் பெண்கள் பாவாடையை மார்புக்கு மேல் ஏற்றிக் கட்டிக்கொள்கிறார்கள் அல்லவா? நாடா நீளமாக இருந்தால் அதே பாவாடை குளியல் உடையும் ஆகிவிடும். தனியாக ஒன்று சுமக்க வேண்டாம். இரண்டாவது, கீழ் விளிம்பைக் கணுக்காலுக்கு நாலு விரல் மேலே நிறுத்தினேன். மூன்றாவதுதான் முக்கியம்: வலது தொடையின் முன்புறம், உட்கார்ந்தால் அழுந்தாத இடமாகப் பார்த்து, ஒரு பை. பதினைந்து சென்டிமீட்டர் அகலம், இருபது சென்டிமீட்டர் ஆழம், மேலே ஒரு மூடி, இரண்டு பிரஸ் பட்டன். திரும்பி வரும் டிக்கெட், யாத்திரைப் பதிவுச் சீட்டு, பெரிய நோட்டுகள் எல்லாம் அதில். புடவை மடிப்பு மேலே விழுந்துவிட்டால் அங்கே பை இருப்பது பிரம்மாவுக்குத்தான் தெரியும். சில்லறை எடுப்பதற்கு அதைத் திறக்கக் கூடாது. சில்லறைக்கு வேறு இடம் பின்னால் சொல்கிறேன்.

துணியை வெட்டுவதற்கு முன் ராத்திரி முழுவதும் தண்ணீரில் ஊற வைத்து, நிழலில் உலர்த்தி, இஸ்திரி போட வேண்டும். புதுப் பருத்தி மீட்டருக்கு மூன்று நாலு சென்டிமீட்டர் சுருங்கிவிடும். தைத்த பிறகு சுருங்கினால் ஹரித்வாரில் போய் யாரைக் கேட்பது? இன்னொன்று: தையலின் பிசிறு வெளியே தெரியாதபடி இரட்டைத் தையல் போடுங்கள். நல்ல பக்கம் வெளியே இருக்கும்படி முதலில் ஒரு தையல். பிசிறை ஒட்ட நறுக்கிவிட்டு, துணியைத் திருப்பி, அந்தப் பிசிறு உள்ளே அடங்கும்படி மறுபடியும் ஒரு தையல். வேலை இரு மடங்குதான். ஆனால் சத்திரத்துக் குழாயடியில் தினமும் கசக்கிப் பிழியும் துணி அப்படித்தான் தாக்குப் பிடிக்கும்.

என் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நான் சல்வாரும் குர்த்தாவும் அணிகிறவள். இரண்டு சல்வார், மூன்று குர்த்தா. எந்த மேல் எந்தக் கீழோடும் சேரும்படி நீலமும் பழுப்புமாகத் துணி எடுத்தேன். மூவிரண்டு ஆறு ஜோடி ஆயிற்று. பழைய மாதிரி குர்த்தாவின் வெட்டு எனக்கு மிகவும் பிடிக்கும். எல்லாம் நேர்த் துண்டுகள். ஒரு சாண் துணிகூட வீணாகாது. அக்குளில் ஒரு சிறு சதுரத் துண்டைச் சாய்வாக வைத்துத் தைப்பார்கள். அந்தச் சதுரம் இருப்பதால்தான் மேல் பர்த்தில் ஏறக் கையைத் தூக்கினால் சட்டை முழுவதும் கூடவே கிளம்புவதில்லை. இப்போதைய ஆயத்த ஆடைகளில் அந்தத் துண்டை விட்டுவிட்டார்கள். துணி மிச்சமோ, கூலி மிச்சமோ, எனக்குத் தெரிந்தவரை அணிகிறவருக்கு ஒன்றும் மிச்சமில்லை. துப்பட்டாவுக்கு ஒரு மதுரைச் சுங்குடி. வெயிலுக்கு முக்காடு, குளித்தால் துண்டு, ரயில் ஜன்னலுக்குத் திரை.

இனி மேலே போடும் கோட்டுக்கு வருகிறேன்.

எங்கள் வீட்டு அலமாரியில் பழுப்பு நிறக் கம்பளிச் சால்வை ஒன்று இருந்தது. என் தகப்பனாருடையது. மார்கழி மாதத்தில் விடியற்காலை வாசலில் நின்று பால்காரரோடு பேசும்போது போர்த்திக்கொண்டிருப்பார். பத்ரிக்கு அம்மாவை அழைத்துப் போவதாக அவர் சொல்லாத வருஷம் கிடையாது. "அடுத்த வருஷம் கட்டாயம்" என்பார். ஒரு வருஷம் தங்கை கல்யாணம். ஒரு வருஷம் வீட்டு ஓடு மாற்றியது. இப்படியே போய், அவரும் போய், ஏழு வருஷம் ஆகிறது. சால்வையின் ஒரு முனையைப் பூச்சி அரித்திருந்தது. அம்மா அதில் அந்துருண்டை போட்டுப் போட்டு மடித்து வைத்துக்கொண்டிருந்தாரே தவிர, ஒரு நாளும் போர்த்திக்கொண்டதில்லை.

"அதையே எடுத்துண்டு போனால் என்ன?" என்று கேட்டேன்.

"போர்த்திண்டா நழுவும். ஒரு கை அதைப் பிடிச்சுண்டே இருக்கணும். மலைப்பாதையிலே ஒரு கை தடிக்கு, ஒரு கை உன் தோளுக்கு. மூணாவது கைக்கு எங்கே போவேன்?" என்றார் அம்மா.

சால்வைக்கும் கோட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை இதைவிடத் தெளிவாகத் தையல் புஸ்தகம் எதுவும் சொல்லாது. ஆனால் சால்வை கோட்டாக வேண்டுமானால் கத்தரிக்கோல் வைக்க வேண்டுமே! அந்தப் பேச்சை நான் எடுக்கவில்லை. மூன்று வாரம் கழிந்தது. ஒரு மத்தியானம் நான் பாவாடைக்கு விளிம்பு அடித்துக்கொண்டிருந்தபோது, அம்மா சால்வையைக் கொண்டுவந்து மெஷின் பலகை மேல் வைத்தார். அதன்மேல் ஓர் அரக்குப் பட்டுப் புடவையையும் வைத்தார். அவருக்குக் கல்யாணமாகி மறு வருஷத் தீபாவளிக்கு வாங்கிய காஞ்சிபுரம். மடிப்பு மடிப்பாக இற்றுப் போயிருந்தது. ஜரிகையை எப்போதோ எடுத்துக் கொடுத்தாகிவிட்டது. "உள்ளே இதை வை. கம்பளி கழுத்திலே குத்தும்" என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டார்.

அவர் அதைச் சொன்னது கழுத்துக்காக. ஆனால் அது சாஸ்திரப்படியும் சரியான யோசனை. நம்மைக் குளிரிலிருந்து காப்பாற்றுவது துணியின் கனம் அன்று. துணிக்கும் துணிக்கும் நடுவே அசையாமல் நிற்கும் காற்று. மொத்தமான ஒரே சட்டையைவிட மெல்லியதாக மூன்று அடுக்கு போட்டால் கதகதப்பு அதிகம். வெயில் வந்தால் ஒவ்வொன்றாகக் கழற்றவும் முடியும். பருத்தி நனைந்தால் உடம்போடு ஒட்டிக்கொண்டு அந்தக் காற்றை வெளியேற்றிவிடும். உலரவும் நேரம் பிடிக்கும். சென்னையில் அது சுகம். பத்தாயிரம் அடி உயரத்தில், வயதானவர்களுக்கு அதுவே ஆபத்து. நனைந்த பருத்தி உடம்புச் சூட்டை மளமளவென்று உறிஞ்சிவிடும். கம்பளியோ தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உள்ளே வாங்கிக்கொண்டும் ஈரமாகத் தெரியாது. பட்டு, எடை குறைவு, சூடு உண்டு, பருத்தியைவிடச் சீக்கிரம் உலரும். ஆகவே அம்மாவுக்கு ரயிலுக்கு இரண்டு மெல்லிய பருத்திப் புடவை; மலைக்கு ஒரு மெல்லிய பட்டுப் புடவை; பாப்ளின் பாவாடைக்கு மேலே கட்டிக்கொள்ள மெல்லிய கம்பளித் துணியில் இன்னொரு பாவாடை என்று தீர்மானித்தேன். ரவிக்கை மூன்றே. கறுப்பில் ஒன்று, அரக்கில் ஒன்று, முழுக்கை வைத்துக் கறுப்பில் இன்னொன்று. எந்தப் புடவைக்கும் எதுவும் சேரும்.

கோட்டை இரண்டு பக்கமும் போட்டுக்கொள்ளும்படி தைப்பது என்று முடிவு செய்தேன். வழிநெடுகப் பழுப்புப் பக்கம் வெளியே. கோயிலில் வேண்டுமானால் திருப்பிப் பட்டுப் பக்கம் வெளியே. ஒரே கோட்டு இரண்டு கோட்டின் வேலையைச் செய்யும். முறை கடினமில்லை. கம்பளியில் ஒரு கோட்டு, பட்டில் அதே அளவில் ஒரு கோட்டு, தனித்தனியாகத் தைத்துக்கொள்ள வேண்டும். பிறகு பிசிறுப் பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்கும்படி ஒன்றுக்குள் ஒன்றைச் செருகி, சுற்றிலும் விளிம்பில் கிராஸ் பீஸ் வைத்து மூடிவிட வேண்டும். பட்டன் உதவாது, பட்டனுக்கு ஒரு பக்கம்தான் முகம். ஆகவே அதே துணியில் நாலு நாடா. இரண்டு இடத்தில் முடிச்சு. இரண்டு பக்கத்திலும் வெளியே தைத்த பாக்கெட். சில்லறைக்கு வேறு இடம் என்று சொன்னேனே, அது இதுதான். உயரம் இடுப்புக்குக் கீழே ஒரு சாண். அதற்கு மேல் நீண்டால் மடிப்பைக் கெடுக்கும். கழுத்தை அகலமாக வெட்டி, இடது தோளில் தலைப்புக்குச் சேர்த்து இரண்டு விரல் இடம் விட்டேன்.

சிரமம் எல்லாம் பட்டில்தான். பழைய பட்டு மடிப்பில் கிழியும். மடிப்புக்கும் மடிப்புக்கும் நடுவில் உள்ள நல்ல இடமாகப் பார்த்து வெட்டி, ஒட்டுப் போட்டு, அடியில் மல் துணி கொடுத்து, இரண்டையும் சேர்த்துக் கையால் நெருக்க நெருக்க ஓட்டுத் தையல் போட வேண்டும். வங்காளத்தில் கந்தா என்கிறார்களே, பழைய புடவைகளை அடுக்கி வைத்து நேர் நேராகத் தைத்துப் போர்வையாக்குவது, அதே தந்திரம்தான். அந்தத் தையலை அம்மா தாமே போட்டார். தினமும் மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு மணி நேரம். ஊசியில் நூல் கோத்துக் கொடுப்பது மட்டும் என் வேலை. "இந்த இடத்திலே பாயசம் கொட்டினது, உன் அண்ணா பேர் வைக்கிற அன்னிக்கு" என்று ஒரு கறையைக் காட்டுவார். மறுபடி தைப்பார். நான் கத்தரித்த அன்று அவர் அடுக்களையை விட்டு வெளியே வரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

எல்லாம் முடிந்ததும் ஒத்திகை பார்த்தோம். இது மிகவும் அவசியம். துணி நன்றாக இருக்கிறதா என்று கண்ணாடிக்குத் தெரியாது, படிக்கட்டுக்குத்தான் தெரியும். திருக்கழுக்குன்றத்துக்குப் போய், ஐந்நூற்றுக்கு மேற்பட்ட அந்த மலைப்படிகளைப் பையோடு ஏறி இறங்கினோம். ஏப்ரல் வெயிலில் அம்மா கோட்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறுவதைப் பார்த்துப் பூக்காரப் பெண், "பாட்டிக்குக் காய்ச்சலா?" என்று விசாரித்தாள். வந்து மளிகைக் கடைத் தராசில் பைகளை நிறுத்தோம். அம்மாவுடையது நாலு கிலோ. என்னுடையது மருந்து, ஊசி நூல், ஊக்கு, நாடா கோக்கும் கம்பி எல்லாம் சேர்த்து ஐந்தரை. "நாலு கிலோவா? என் சாமான் எல்லாம் இதுக்குள்ளேயா இருக்கு?" என்று அம்மா மூன்று தடவை திறந்து பார்த்தார். ஒன்று மட்டும் கடையில் வாங்கினோம்: மழைக்கோட்டு. அதை வீட்டில் தைக்க முயல வேண்டாம். ஊசி போன ஒவ்வொரு துவாரமும் ஒரு ஓட்டைதான்.

நாகபுரியில் ரயில் நின்றபோது பிற்பகல். ஜன்னல் கம்பியைத் தொட முடியவில்லை. சுங்குடியை நனைத்துக் கட்டினேன்; கால் மணியில் காய்ந்து சருகாயிற்று; மறுபடி நனைத்தேன். அந்த நேரத்தில் பையின் அடியில் ஒரு கம்பளிக் கோட்டு இருக்கிறது என்ற நினைப்பே வியர்வை வரவழைத்தது.

ஹரித்வாரில் ஹர்-கி-பௌரி படித்துறை. கங்கை அங்கே நிற்பதில்லை, ஓடுகிறது, இரும்புச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டுதான் முழுக வேண்டும். உடை மாற்றுவதற்குப் பெண்கள் திண்டாடிக்கொண்டிருந்தார்கள். அம்மா நீள நாடாவை மார்புக்கு மேல் இறுக்கிக் கட்டி, இரண்டு கையாலும் சங்கிலியைப் பிடித்து, மூன்று முழுக்குப் போட்டு எழுந்தார். ஆந்திரத்துப் பெண்மணி ஒருவர் பாவாடை நாடாவின் நீளத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

ரிஷிகேசத்திலிருந்து பத்ரி சுமார் முந்நூறு கிலோமீட்டர். இரவில் அந்த மலைச் சாலையில் வண்டி விடுவதில்லை. தேவப்பிரயாகையில் இறங்கினோம். ஒரு நிறத்தில் அலகநந்தாவும் வேறு நிறத்தில் பாகீரதியும் வந்து கலக்கிற இடம். அதற்கு அப்புறம்தான் நதிக்குக் கங்கை என்று பெயர். பெரியாழ்வார் கண்டம் என்னும் கடிநகர் என்று பாடியது இந்தத் தலத்தைத்தான். ரகுநாதர் கோயிலுக்குப் படிகள் செங்குத்து. பாவாடை விளிம்பு நாலு விரல் மேலே இருந்ததன் பலனை அங்கே கண்டோம். மற்றவர்கள் ஒரு கையால் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏற, அம்மா தடியை ஊன்றிக்கொண்டு மேலே போய்விட்டார்.

இரவு ஜோஷிமடம். திருமங்கையாழ்வாரின் திருப்பிரிதி இதுவே என்பார்கள். 2023 ஜனவரியில் பூமி இறங்கி வீடுகள் வெடித்ததே, அந்த ஊர்தான். சில சுவர்களில் விரிசல் அப்படியே இருக்கிறது. பனிக்காலத்தில் பத்ரி கோயில் மூடியிருக்கும்போது பூஜை இங்கே நரசிம்மர் சந்நிதியில் நடக்கும். பஸ்ஸை விட்டு இறங்கியதும் முதல் குளிர் காதைக் கடித்தது. அம்மா பையைத் திறந்து கோட்டை எடுத்தார். போட்டுக்கொள்வதற்கு முன் பழுப்புப் பக்கத்தை ஒரு தடவை முகர்ந்து பார்த்தார். அந்துருண்டை வாசனை போய்விட்டிருந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை.

பத்ரியில் விடியற்காலை நாலு மணிக்கு வரிசையில் நின்றோம். தப்த குண்டத்தில் பெண்கள் பக்கம் தனியாக மறைப்பு உண்டு. வெந்நீர் ஊற்று, கால் வைத்தால் சுளீரென்றது, உள்ளே இருக்கும்வரை சுகம், வெளியே வந்தால் பல் தந்தியடித்தது. குளித்துவிட்டுப் பட்டுப் புடவையும் இரண்டு பாவாடையும் முழுக்கை ரவிக்கையும் கோட்டுமாக நின்றபோது தூறல் ஆரம்பித்தது. தூறல் பிறகு பனிக்கட்டித் துகளாக மாறியது. மழைக்கோட்டு முழங்காலுக்கு மேல்தான் காத்தது. முழங்காலுக்குக் கீழே அம்மாவின் புடவை சொட்டச் சொட்ட நனைந்துவிட்டது. வரிசையோ நகரவில்லை. எங்களுக்கு முன்னே நின்ற ஒரு வயதான மனிதர், நூல் வேட்டியும் மேலே ஒரு துண்டும் மட்டும். உதடு நீலமாகி நடுங்க ஆரம்பித்தார். நாலு பேர் அவரைத் தாங்கிப் பிடித்து நெருப்பு இருந்த டீக்கடைக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். என் வயிறு என்னிடம் இல்லை. குனிந்து அம்மாவின் உள்பாவாடைக்குள் கணுக்கால் பக்கம் கையை விட்டுப் பார்த்தேன். கம்பளி மேலே ஈரம். உள்ளே பாப்ளின் காய்ந்திருந்தது. காலில் சூடு இருந்தது.

"என்னடி நடுத் தெருவிலே தையல் சரிபார்க்கிறே?" என்றார் அம்மா.

சந்நிதி நெருங்கியபோது மழைக்கோட்டைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். நாடா முடிச்சுகளை அவிழ்த்தார். அந்தக் கூட்டத்தில், அந்தக் குளிரில், கோட்டை நிதானமாகக் கழற்றி உட்புறம் வெளியாகத் திருப்பினார். தீபாவளிப் பட்டு வெளியே வந்தது. அப்பாவின் சால்வை உள்ளே போயிற்று. மறுபடி இரண்டு முடிச்சையும் போட்டுக்கொண்டு, இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு, உள்ளே போனார். தடியை நான் வைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் வானம் வெளுத்து, நீலகண்ட சிகரம் வெள்ளிக் குடம் மாதிரி தெரிந்தது. அங்கிருந்து மூன்று கிலோமீட்டரில் மாணா என்ற கிராமம். திபெத் எல்லைக்கு முன்னால் உள்ள கடைசிக் கிராமம் என்று முன்பு பலகை வைத்திருந்தார்கள். 2023-லிருந்து அதே ஊர் முதல் கிராமம் ஆகிவிட்டது! ஊர் அங்கேயேதான் இருக்கிறது. 1962 யுத்தத்துக்கு முன்பு இவர்கள் கணவாய் கடந்து திபெத்தோடு கம்பளியும் உப்பும் வியாபாரம் செய்தவர்கள். இன்றும் அந்த ஊர்ப் பெண்கள் வாசலில் உட்கார்ந்து கம்பளியில் தொப்பியும் சால்வையும் பின்னி விற்கிறார்கள். பேசிக்கொண்டே பின்னுகிறார்கள்; கண் ஊசியில் இல்லை.

அப்படிப் பின்னிக்கொண்டிருந்த ஒரு மூதாட்டி அம்மாவைக் கூப்பிட்டு நிறுத்தினாள். "மாஜி" என்று சொல்லிவிட்டு, கேட்காமலேயே கோட்டின் விளிம்பைக் கையில் எடுத்துக்கொண்டாள். பழுப்புக் கம்பளியை விரல்களுக்கு நடுவே வைத்துத் தேய்த்துப் பார்த்தாள். பிறகு பிசிறைத் தேடி உட்புறம் திருப்பினாள். பிசிறு இல்லை. அரக்குப் பட்டு இருந்தது. ஓட்டுத் தையலின் மேல் நகத்தால் மெதுவாகக் கோடு இழுத்துக்கொண்டு போனாள். பாயசக் கறை வந்ததும் நின்று, நிமிர்ந்து பார்த்தாள். எனக்குத் தெரிந்த அரைகுறை ஹிந்தியில் மொழிபெயர்க்கலாம் என்று நான் வாயைத் திறப்பதற்குள், அம்மா அவள் பக்கத்தில் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு தமிழிலேயே சொல்ல ஆரம்பித்துவிட்டார். "அதுவா? அது பெரியவனுக்குப் பேர் வெச்ச அன்னிக்கு..."

மூதாட்டி பின்னல் ஊசிகளை மடியில் வைத்துவிட்டு, தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.